விலாங்குக் கடைக்காரர் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள்

புரட்டாசி மழை பிடித்தால் எனக்கு இன்றைக்கும் எங்கள் ராஜபாளையத்து வீடுதான் கண்ணில் நிற்கும். அப்பா மீன் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். கடல் மீனைத் திரும்பியும் பார்க்கமாட்டார். கண்மாய்க் கெளுத்தி, விரால், எல்லாவற்றுக்கும் மேலாக விலாங்குக் குழம்பு. அதற்காகவே தளவாய்புரத்திலிருந்து சைக்கிள் மிதித்து வருவார்கள். கடைக்குப் பின்னால் வீடு. முற்றத்துக் கல்தொட்டியில் விலாங்குகள் உயிரோடு கிடக்கும். கையில் அடுப்புச் சாம்பலை அப்பிக்கொள்ளாமல் அவற்றைப் பிடிக்க முடியாது, வழுக்கிக்கொண்டு போய்விடும்.

இந்தக் கடையால்தான் என் கல்யாணம் தள்ளிப்போனது. பார்க்க வந்த இரண்டு வீட்டாரும் மீன் வாடை என்று மூக்கைச் சுளித்தார்கள். அப்பா நொந்துபோனார். அதன்பிறகு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து கேட்டார்கள். எண்பதுகளின் நடுவில், ஒரு புரட்டாசிச் சனிக்கிழமை. அந்த மாதம் கல்யாணம்தான் கூடாது, பெண் பார்த்தால் என்ன என்பது மாப்பிள்ளையின் அம்மா கட்சி. மற்ற மாதங்களில் மீன் சாப்பிடுகிற குடும்பம்தான், ஆனால் புரட்டாசி பெருமாளுக்கு.

புரட்டாசி முழுக்க எங்கள் கடைக்கும் பூட்டுதான். மாதம் பிறக்கும் முன்பே தொட்டியில் மிச்சம் கிடப்பதைக் கண்மாயில் விட்டுவிடுவது வழக்கம். அந்த வருஷம் அப்பா ஒன்றை மட்டும் விடவில்லை. கைத் தடிமன் இருந்தது. ஐப்பசி முதல் நாள் குழம்புக்கு ஆகுமே என்று ஆசை. வீட்டைக் கழுவி, சாம்பிராணி போட்டு, தொட்டியைப் பலகையால் மூடினார்.

"அவிய போற வரைக்கும் யாரும் இதத் தொறக்கப்படாது" என்றார்.

வந்தவர்கள் கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மழை கொட்டியது. முற்றம் நனைந்தால் விலாங்கு சும்மா கிடக்குமா? பலகை இடுக்கில் நுழைந்து, இறங்கி, நேராகக் கூடத்துக்கே வந்துவிட்டது.

"ஐயோ, பாம்பு!" மாப்பிள்ளையின் அம்மா நாற்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டார். அவருடைய தம்பி கம்பு தேடினார். அப்பா அசையவில்லை. விலாங்கு என்று வாயைத் திறந்தால் இந்தச் சம்பந்தமும் போச்சு. திறக்காவிட்டால் பெருமாள் மாதத்தில் நம் வீட்டில் ஓர் உயிர் போகும். வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு அவர் நின்ற நிலை எனக்குப் பொறுக்கவில்லை.

அடுக்களைக்குள் ஓடி ஒரு பிடி சாம்பலை அள்ளிவந்தேன். பட்டுச்சேலையோடு குத்தவைத்து, அதன் தலைக்குப் பின்னால் அழுத்திப் பிடித்துத் தூக்கினேன்.

"பாம்பு இல்ல அத்தை, விலாங்கு. எங்க கடையில உள்ளதுதான்."

அத்தை என்று எப்படி வாயில் வந்ததோ. வாளித் தண்ணீரில் போட்டு மூடினேன். கதை முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

மாப்பிள்ளை சிரிப்பை அடக்கிக்கொண்டு தரையைப் பார்த்தார். அவர் அம்மா மெல்லக் காலை இறக்கினார்.

"ஏட்டி, இங்க வா."

"கையக் கழுவிட்டு வாரேன்."

"அதெல்லாம் பொறவு கழுவிக்கிடலாம்." கொண்டுவந்த பூவை என் தலையில் வைத்துவிட்டு அப்பாவிடம் திரும்பினார். "அண்ணாச்சி, இதக் கண்மாயில விட்ருங்க. ஐப்பசி பொறந்ததும் நாங்க குடும்பத்தோட உங்க கடைக்குச் சாப்பிட வாரோம்."

அப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். பெண் கேட்டு வந்தவர்களில், அவர் கடையில் சாப்பிட வருவதாகச் சொன்னது அந்த அம்மா ஒருவர்தான்.