பிள்ளை அழுததா?

எஃப்ரிக்கின் வயிற்றெரிச்சலுக்கு அவள் வயதுதான். அவள் பிறந்த அதே வாரத்தில், எங்கள் பள்ளத்தாக்கை ஆண்ட கோபுரக் கோட்டைப் பிரபுவுக்கு இரண்டாவது மகள் மூரியல் பிறந்தாள். பால் கொடுத்து வளர்க்க எஃப்ரிக்கின் அம்மாவிடம் கொண்டுவந்து விட்டார்கள். முதல் பால் மூரியலுக்கு, மிச்சம் சொந்த மகளுக்கு. ஏழு வயதில் மூரியல் கோபுரத்துக்குத் திரும்பிப் போனாள். அம்மா மாறவில்லை. "எங்கண்ணு சாப்பிட்டாளோ, தூங்கினாளோ" என்று பொழுதுக்கும் புலம்பல். எதிரே உட்கார்ந்து கஞ்சி குடிக்கிற எஃப்ரிக் கண்ணிலேயே படமாட்டாள். கூடவே ஓட்ஸ் அறுத்துப் பழகியவள் நான். அவள் பொறாமையில் நியாயமில்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது.

பிரபு செத்தபின் கோபுரமும் பள்ளத்தாக்கும் மூத்த மகள் இசபெல்லுக்குப் போயிருந்தன. முதல் பிரசவத்திலேயே அவள் கண்ணை மூடினாள். குழந்தையும் போயிற்று. உடனே வழக்கு. ஸ்காட்லாந்துச் சட்டம் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது: பிறந்த பிள்ளை ஒரு தடவையாவது அழுததைக் காதால் கேட்டவர் இருந்தால், கணவன் கோலின் சாகும்வரை எல்லாம் அவனுக்கு. அழவில்லையென்றால் அன்றைக்கே தங்கை மூரியலுக்கு. மருத்துவச்சி கோலினின் அத்தை, அவள் பேச்சை யார் நம்புவது? அறையில் இருந்த இன்னொருத்தி, வெந்நீர் தூக்கிய எஃப்ரிக்.

ஓடையில் துணி அலசும்போது கேட்டேன்.

"எங்கடி அழுதுச்சு? மூச்சே விடல, பாவம்."

"அப்ப மூரியலுக்கு யோகம்தான்."

"எல்லா யோகமும் அவளுக்கே! எங்கம்மா அவளுக்குன்னு புதுசா கம்பளி நெய்ய உக்காந்துட்டா. என் முதுகுல இருக்கற கிழிசல் அவ கண்ணுக்குத் தெரியுதா?"

துணியை அவள் கல்லில் அடித்த அடி மூரியலுக்கு விழ வேண்டியது.

நீதிபதி வழக்குக் கேட்கிற குன்றில் ஊரே கூடியிருந்தது. எஃப்ரிக் முன்னால் வந்ததும் மூரியல் கவலையே இல்லாமல் சிரித்தாள். ஒரே மடியில் வளர்ந்தவள் ஆயிற்றே என்ற நம்பிக்கை. அந்த நேரம் பார்த்து எஃப்ரிக்கின் அம்மா தன் சால்வையை எடுத்து மூரியலின் தோளில் போர்த்திவிட்டாள். எஃப்ரிக்கின் முகம் கறுத்ததை நான் பார்த்தேன்.

"அழுதுச்சுங்க ஐயா," என்றாள் நீதிபதியிடம். "நாலு சுவத்துக்கும் கேக்கற மாதிரி அழுதுச்சு."

ஒரு சொல்லில் கோபுரம் கைமாறியது. நான் வாயைத் திறக்கவில்லை. என்னை யாரும் கேட்கவும் இல்லை. அம்மாவும் மூரியலும் முன்னாலேயே போய்விட்டார்கள். பின்னால் எஃப்ரிக் நடந்த நடையைப் பார்க்க வேண்டுமே! கோபுரமே தனக்குக் கிடைத்துவிட்டது போல ஒரு மிடுக்கு.

கோபுரத்தில் இனி இடமில்லை என்று கோலின் அதற்குள் மூரியலை உடுத்திய உடையோடு குன்றிலிருந்தே அனுப்பிவிட்டிருந்தான். அவளுக்கு வளர்த்தவள் வீட்டை விட்டால் போக்கிடம் ஏது? எஃப்ரிக்கோடு நானும் உள்ளே நுழைந்தபோது, அடுப்பருகே எஃப்ரிக்கின் படுக்கையில் மூரியல் உட்கார்ந்திருந்தாள். அம்மா அவள் பாதத்தைச் சூடு பறக்கத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"கதவை மூடுடி," என்றாள் திரும்பிக்கூடப் பார்க்காமல். "எங்கண்ணு இனிமே சாகுற வரைக்கும் நம்மகூடத்தான். நீ மாட்டுப் பக்கம் வைக்கோலப் போட்டுப் படுத்துக்கோ."