சத்தம் போடாத ரப்பர்

அறுபதுகளின் தொடக்கத்தில் நான் விழுப்புரத்தில் ரயில்வே குமாஸ்தா. சாயங்காலம் ஆனால் டேபிள் டென்னிஸ்தான். திண்டிவனம் தந்தி ஆபீஸ்காரர் ஒருவரிடம் மூன்று வருஷமாகத் தோற்றுக்கொண்டே இருந்தேன். அவருக்கு இடது கண் மங்கல். "கண்ணை நம்புறதில்லீங்க. உங்க மட்டையில பந்து படுற சத்தத்தை வெச்சுத்தான் வேகத்தைக் கண்டுபிடிக்கிறேன்" என்று டீ குடிக்கும்போது அவரே ஒருநாள் சொன்னார்.

அடுத்த வாரமே பாண்டிச்சேரிக்குப் போனேன். விளையாட்டுச் சாமான் கடையில் மட்டையின் மேல் ஒட்டுகிற ஸ்பாஞ்சு ரப்பர்கள் புதிதாக வந்திருந்தன. கடைக்காரர் வேகத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்க, நான் ஒவ்வொன்றிலும் பந்தைத் தட்டிக் காது கொடுத்துக் கேட்டேன். இருப்பதிலேயே சத்தம் குறைந்த தடித்த ரப்பரை எடுத்தேன். சைக்கிள் கடை சொலூஷன் வாங்கி மட்டையில் ஒட்டினேன்.

திண்டிவனத்தில் அவரோடு அடுத்த போட்டிக்குப் போகும்போது பஸ்ஸில் இருப்புக்கொள்ளவில்லை. கூட்டேரிப்பட்டு வருவதற்குள் ரப்பர் ஓரத்தை நகத்தால் பாதி சுரண்டியிருந்தேன்.

ஆட்டத்தில் அவர் தடுமாறினார். தலையைச் சாய்த்துக் காதை மேஜைப் பக்கம் திருப்பினார். அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு இன்னும் ஓங்கி அடித்தேன். ஜெயித்தேன்.

முடிந்ததும் அவர் என் மட்டையை வாங்கிப் பந்தைத் தட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"அட, ரப்பர்தானா! காதும் போய்க்கினு இருக்குதோன்னு பயந்தே பூட்டேங்க. எங்க வாங்குனீங்க?"

கடையைச் சொன்னேன். அந்த ரப்பரை ஏன் எடுத்தேன் என்பதைக் கடைசிவரை சொல்லவில்லை.