டீச்சர் எழுதிய முதல் பொய்

ஏழாம் வகுப்பில் பூகோளம் நடத்திக்கொண்டிருந்தபோது டீச்சருக்குக் குரல் போயிற்று. வெறும் தொண்டைக்கட்டு என்று வெந்நீர் குடித்துப் பார்த்தார், காற்றுதான் வந்தது. பல மாதம் வாயைத் திறக்கக் கூடாது, வகுப்பறையை மறந்துவிடுங்கள் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

கணவர் பஸ் டிரைவர். வேலை முடிந்து வந்ததும் மனைவி வாயால் தெருக்கதை கேட்டால்தான் அவருக்குச் சாப்பாடு இறங்கும். அதனால் டீச்சர் காகிதத்தில் எழுதி நீட்டினார். நாலு வரி, போகப்போக ஒரு பக்கமாயிற்று. ஒருநாள் எழுத ஒன்றுமே அகப்படவில்லை. கீழ்வீட்டு அக்காவும் எதிர்வீட்டிலிருக்கும் அவர் தங்கையும் வெகுநாளாக முகம் பார்ப்பதில்லை. அக்கா மழையில் குடையோடு ஓடித் தங்கையை அழைத்து வந்ததாக, இருவரும் படிக்கட்டில் உட்கார்ந்து அழுததாக எழுதிவிட்டார். படித்த கணவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த முகத்தைப் பார்த்தபின் உண்மையைச் சொல்ல டீச்சருக்கு மனம் வரவில்லை.

மறுநாள் கணவர் கீழ்வீட்டு வாசலில் நின்று, தங்கச்சியோடு ராசியானதில் ரொம்ப சந்தோஷம் என்று சொல்லித் தொலைத்தார். அக்கா விடுவிடுவென்று மாடியேறி வந்தார். பேசிச் சமாளிக்க வழியில்லாமல் டீச்சர் அந்தக் காகிதத்தையே நீட்டினார். அக்கா நின்றபடி படித்தார். பிறகு உட்கார்ந்து இன்னொரு தடவை.

"நான் முதல்ல போய்ப் பேசுற ஆளா, டீச்சர்? அவளா வந்தா கதவைத் திறப்பேன், அவ்வளவுதான். அதை மாத்தி எழுதுங்க."

டீச்சர் மாற்றினார். அதற்குப் பிறகுதான் அது கதையாக நிமிர்ந்து உட்கார்ந்தது. டீச்சர் அனுப்பியதை ஒரு வாரப் பத்திரிகை வெளியிட்டது. அக்கா இரண்டு பிரதி வாங்கினார். ஒன்று எதிர்வீட்டுத் திண்ணையில் கிடந்ததைத் தெருவே பார்த்தது. தங்கை இன்னும் வரவில்லை. அக்கா மட்டும் இப்போதெல்லாம் பகலில் கதவைத் தாழிடுவதில்லை.

குரல் கரகரவென்று திரும்பியது. நூலகத்தையாவது பார்த்துக்கொள்ளுங்கள் என்று பள்ளியில் கூப்பிட்டார்கள். டீச்சர் போகவில்லை.

"வாய் வந்துடுச்சு, நீ சும்மா இருன்னு சொன்னா கை கேக்க மாட்டேங்குதுங்க" என்றார் கணவரிடம்.

முதல் கதைத் தொகுப்பு வந்துவிட்டது. அடுத்ததற்கான தாள்கள் சாப்பாட்டு மேசை முழுக்கப் பரந்து கிடப்பதால், இருவரும் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடுகிறார்கள்.