பெரியப்பா கொடுத்த நாலு சக்கரம்

பிரேக் மிதிப்பதுதான் என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த முதல் பொறுப்பான பதவி. காருக்குப் பின்னால் குனிந்து நின்று அப்பா "மிதி" என்பார். நான் டிரைவர் சீட்டின் நுனிக்குச் சரிந்து, ஸ்டியரிங்குக்கு அடியில் ஏறக்குறைய மறைந்துபோய், இரண்டு காலாலும் மிதிப்பேன். "வுடு" என்றால் விடுவேன். இடதுபக்கத்துச் சிவப்பு விளக்கு எரியாது. ஒயரில் இருக்கும் கோளாறுக்கு நான்தான் பொறுப்பு என்பதுபோல, "சரியா மிதிடீ" என்பார். பிற்காலத்தில் நான் பார்த்த உத்தியோகங்களும் பெரும்பாலும் இந்த வகையிலேயே அமைந்தன.

அப்பாவுடையது கறுப்பு உடம்பும் மஞ்சள் கூரையும் கொண்ட சின்ன டாக்சி. கல்யாணப் பட்டு எடுக்க ஆரணிக்கு வரும் குடும்பங்களைக் கடைகளுக்கும், முள்ளிப்பட்டில் தறி போட்டிருக்கும் வீடுகளுக்கும் கொண்டுபோய்க் காட்டுவது அதன் பிழைப்பு. டாக்சி என்பதால் வருஷத்துக்கு ஒருமுறை திருவண்ணாமலைக்கு ஓட்டிப்போய், இது இன்னும் ரோட்டில் ஓடத் தக்கதுதான் என்று பிரேக் இன்ஸ்பெக்டரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். எஃப்.சி. காட்டுவது என்பார்கள். எங்கள் வண்டியைப் பொறுத்தவரை அது சரியான சொல். அதனிடம் இல்லாததையெல்லாம் அன்று ஒருநாள் இருப்பதாகக் காட்டுவோம்.

துருப்பிடித்த ஓட்டைகளுக்குப் பட்டி வைத்துப் பெயின்ட் அடிப்போம். ஹெட்லைட்டுகளுக்குக் கறுப்புப் பொட்டு வைப்போம். முதலுதவிப் பெட்டியில் அம்மா வைத்திருக்கும் ஊசிநூலையும் கொக்கிகளையும் கொட்டிவிட்டு, பஞ்சும் டிங்சரும் வைப்போம். ஆனால் டயரை மட்டும் பெயின்டால் ஒன்றும் செய்ய முடியாது. எங்கள் டயர்கள் வழுக்கை விழுந்து வெகுநாள் ஆகியிருந்தது.

அதற்குப் பெரியப்பா இருந்தார். பக்கத்துப் போர்ஷனில் குடியிருந்த அவரிடமும் அதே மாதிரி டாக்சி ஒன்று உண்டு. டயர்கள் மட்டும் நல்லவை. எஃப்.சி. அன்று அவருடைய சக்கரங்கள் எங்கள் வண்டிக்கு வரும், எங்களுடையவை அவர் வண்டிக்குப் போகும். சாயங்காலம் திரும்ப மாற்றிக்கொள்வார்கள்.

நான் சொல்லவரும் வருஷம் பெரியம்மா கர்ப்பமாக இருந்தார். கல்யாணமாகி வெகுகாலம் கழித்து வந்த பிள்ளை, ஏழாவது மாதம். அதனால் முகூர்த்த நாளாக இருந்தும், ஸ்டாண்டிலிருந்த கார்களெல்லாம் விடியும் முன்பே சவாரிக்குப் போய்விட்டும், பெரியப்பா வண்டி எடுக்காமல் வீட்டில் இருந்தார்.

நாலு சக்கரத்தையும் கழற்றி எங்கள் வண்டியில் மாட்டியானதும், அண்ணனும் தம்பியும் ஒரு சிக்கனம் செய்தார்கள்.

"உன்னுத இதுல மாட்றது ஒரு வேல, சாயங்காலம் கழட்றது இன்னொரு வேல," என்றார் பெரியப்பா. "வண்டி இன்னைக்கு எங்க போவப்போவுது? கல்லு மேலயே நிக்கட்டும் வுடுடா."

எங்கள் மொட்டைச் சக்கரங்கள் சுவரோரம் சாத்தப்பட்டன. எங்கள் ஜாக்கி தூக்காது, ஸ்பானர் தேய்ந்துபோனது. இன்ஸ்பெக்டர் இரண்டையும் எடுத்துக் காட்டச் சொல்வார். ஆகவே பெரியப்பாவின் ஜாக்கியும் ஸ்பானரும்கூட எங்கள் டிக்கியில் ஏறின.

பெரியம்மா இடுப்பில் கைவைத்து வாசலில் நின்று பார்த்தார். "சக்கரம் இல்லாம வண்டியப் பாக்க ஒரு மாதிரி கீதுங்க."

"நீ எங்க போவணும் சொல்லு, தோள்ல தூக்கினு போறேன்," என்றார் பெரியப்பா. பெரியம்மாவும் சிரித்தார்.

திருவண்ணாமலையில் வரிசை நீளமாக இருந்தது. எங்கள் முறை வர மத்தியானம் தாண்டியது. இன்ஸ்பெக்டர் டயரின் மேடான பட்டன்களைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, "டயரெல்லாம் நல்லா வச்சிருக்கியேப்பா" என்றார். அப்பா புதுமாப்பிள்ளைபோல் நெளிந்தார். நான் மிதித்தேன்; இரண்டு விளக்கும் எரிந்தன. அரசாங்கமே என்னைத் தேர்வு செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். வழியில் அப்பா எனக்கு ரோஸ்மில்க் வாங்கித் தந்தார்.

திரும்பி வந்தபோது பெரியப்பாவின் வண்டி அதே கல்மேல் நின்றது. முன்பக்கம் மட்டும் எங்கள் மொட்டைச் சக்கரம் ஒன்று கோணலாகத் தொற்றிக்கொண்டிருந்தது. கீழே கட்டிங் பிளேயரும் சுத்தியலும் கிடந்தன. வீடு திறந்திருந்தது, உள்ளே யாருமில்லை.

எதிர்வீட்டு அக்கா தறிக்குழியிலிருந்து ஏறிவந்து சொன்னார். "நீங்க போன கொஞ்ச நேரத்துக்கெல்லாம் வலி வந்துட்ச்சி. உங்கண்ணன் அந்தச் சக்கரத்தோட மல்லுக்கட்டிகினு இருந்தாரு. அப்பறம் ஸ்டாண்டுக்கு ஓடினாரு. ஒரு காரு இல்ல, ஆட்டோ எல்லாம் மண்டபத்துல நிக்குது. கடைசில ரைஸ்மில்லு மூட்டை ஏத்தற சைக்கிள் வண்டில படுக்கவச்சி இட்டுகினு போனாங்க. உங்க வூட்டம்மாவும் கூடப் போயிருக்காங்க."

நட்டை முறுக்க ஸ்பானர் இல்லை, கல்லைவிட்டு இறக்க ஜாக்கி இல்லை. இரண்டும் எங்கள் டிக்கியில் இருந்தன.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் பெரியப்பா நின்றிருந்தார். கையெல்லாம் கிரீஸ், விரல் முட்டிகளில் தோல் உரிந்திருந்தது. குழந்தை பிழைக்கவில்லை. பெரியப்பாதான் பேசினார்.

"முன்னாடியே வந்திருந்தாலும் ஒண்ணும் ஆயிருக்காதுன்னு டாக்டரம்மாவே சொல்ட்டாங்கடா. நீ மனசுல வச்சிக்காத."

டாக்டரம்மா அப்படிச் சொன்னதை வேறு யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. அப்பா அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அண்ணன் தம்பி என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று எங்கள் சொந்தத்தில் இன்றைக்கும் சொல்வார்கள். நானே சில கல்யாண வீடுகளில், கொஞ்சம் மெருகேற்றி, சொல்லியிருக்கிறேன்.

அவர்கள் பேசிய இடத்துக்கும் பெரியம்மா படுத்திருந்த கட்டிலுக்கும் நடுவே ஒரு பச்சைத் துணித்திரைதான். அதன் இடுக்கில் பார்த்தேன். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தார். கண் திறந்திருந்தது.

அடுத்த வருஷம் எஃப்.சி. நெருங்கியபோது அப்பா வாய்விட்டுக் கேட்கவில்லை. வண்டியை விற்றுவிடப்போவதாக மட்டும் அம்மாவிடம் சொன்னார். எஃப்.சி. அன்று விடிந்ததும் பெரியப்பா தானாகவே வந்து, தன் வண்டிக்குக் கல் வைத்து, சக்கரங்களைக் கழற்ற ஆரம்பித்தார். அப்பா தடுத்தார். "சும்மா இருடா" என்றார் பெரியப்பா. இந்த முறை எங்கள் மொட்டைச் சக்கரங்களை ஒழுங்காகத் தன் வண்டியில் மாட்டினார், ஸ்பானரைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி எங்களுக்கெல்லாம் டீ கொண்டுவந்தாள்.

அப்போதுதான் பெரியம்மா ஒரு துணிப்பையோடு வெளியே வந்தார். பெரணமல்லூரில் அவருடைய அம்மா வீடு. எங்கள் வண்டியைச் சுற்றிக்கொண்டு நடந்தார். டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்த நான் தலையை வெளியே நீட்டினேன்.

"பெரீம்மா, இரு. பெரியப்பா கார்ல இட்டுகினு போவாரு. மாட்டி முடிச்சிட்டாங்க."

"இல்லம்மா, நான் பஸ்லயே போறேன்," என்றார்.

சில நாளில் திரும்பி வந்துவிட்டார். வழக்கம்போல் சமைத்தார், எங்களோடு பேசினார். ஆனால் அந்த இரண்டு வண்டிகளில் எதிலும் அவர் ஏறி நான் பார்த்ததில்லை. கோயிலுக்குக் குடும்பத்தோடு கிளம்பினாலும், அவர் மட்டும் பஸ்ஸில் வந்து சேருவார். அவருக்குக் காரில் ஏறினால் வாந்தி வரும் என்று அம்மா எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தாள். நானும் வெகுகாலம் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். அவர் பஸ் ஏறும்போதெல்லாம், வாயில் போட்டுக்கொள்ளச் சொல்லி அரை எலுமிச்சம்பழத்தை உப்புத் தடவிக் கொண்டுபோய்க் கொடுப்பேன். அவரும் மறுக்காமல் வாங்கிக்கொள்வார்.