தட்டின் கடைசி விரற்கடை

பழைய கிராமபோன் தட்டுகளில் எது எந்த ஆண்டு வந்தது, எங்கே செய்யப்பட்டது என்று குறித்துவைக்கும் பழக்கம் எனக்கு 1927இல் தொடங்கியது. துறைமுகத்தில் குமாஸ்தா வேலை. மாலையில் ராயபுரம், திருவொற்றியூர்ப் பக்கம் தட்டுகளைத் தேடிப் போவேன். பெரும்பாலும் சாவு விழுந்த வீடுகளிலிருந்துதான் ஆள் வரும். உயிரோடு இருப்பவர்கள் தட்டைக் கண்ணில் காட்டமாட்டார்கள்.

1934இல், கல்லறைத் திருநாளுக்கு மறுநாள், மாதா கோயிலுக்குப் பின்னால் இருந்த ஒரு வீட்டுக்குப் போனேன். விடாத மழை. நிலக்கரித் தூளும் மழைநீரும் கலந்து சந்து முழுக்கக் கறுப்பாக ஓடிக்கொண்டிருந்தது. ரயில்வே பட்டறையில் பிட்டராக இருந்த அந்த வீட்டுக்காரர் செப்டம்பரில் இறந்திருந்தார். மகளுக்கு இருபத்தோரு வயது. 1913இல் அவள் கைக்குழந்தையாக இருந்தபோதே தாய் இறந்துவிட்டாள். தகப்பன் விட்டுச் சென்றது குழல் வைத்த ஒரு கிராமபோன் பெட்டியும் ஒரே ஒரு தட்டும்.

"இதுல பாடறது எங்கம்மாவான்னு பாத்து சொல்லணும் சார். கோயில்ல பாடுவாங்களாம். எங்கப்பா ஒரு வாட்டி சொன்னாரு. அப்புறம் கேட்டா மூஞ்ச திருப்பிக்குவாரு."

பக்கத்தில் அவளுடைய பெரியப்பா உட்கார்ந்திருந்தார். அதே பட்டறையில் பாய்லர் தகட்டை அடித்து அடித்துக் காது முழுவதும் போனவர். எதிரில் இருப்பவரின் உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடித்துக்கொள்வார்.

"எவளோ டிராமாக்காரி நைனா. எங்க வூட்ல யாரு பாடி பிளேட்டு குட்தது? என் தம்பி மூர் மார்க்கெட்ல வாங்கியாந்திருப்பான்."

"அம்மா பாடி நீ கேட்டதே இல்லியா பெரிப்பா?"

"கேட்டுகிறேன். பாட்டு சோக்காத்தான் இர்க்கும். மீன் கொழம்புலதான் உப்பு இர்க்காது."

அவள் சிரிக்கவில்லை. பெட்டியை என் பக்கம் நகர்த்தினாள். "பெட்டி வேற ரிப்பேரு சார். ஞாயித்துக்கிழம அப்பா பூசை முட்ச்சி வந்து கதவ சாத்திக்குவாரு. சாவி குடுக்கற சத்தம் கேக்கும். அப்புறம் கீச்சுனு ஏதோ வரும், அவ்ளோதான். ஒடனே கதவ தொறந்துடுவாரு. பாட்டே வந்ததில்ல."

தட்டின் நடுவிலிருந்த காகிதத்தைக் கடற்காற்றின் ஈரம் தின்றிருந்தது. பாடியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் பூஞ்சை. ஆனால் ஓரத்தில் ஜெர்மனியில் செய்தது என்ற அச்சு மட்டும் தெரிந்தது. 1914இல் ஜெர்மனியோடு சண்டை வந்ததும் அந்தச் சரக்கு நின்றுபோயிற்று. ஆகவே பாட்டு அதற்கு முன்னால் எடுக்கப்பட்டது. காலம் பொருந்துகிறது என்று சொன்னேன். அவள் முகம் மாறியதைப் பார்த்ததும், இது போதாது என்றும் சொன்னேன்.

இன்னொரு வழி இருந்தது. அந்த நாளில் இங்கே எடுத்த குரலைக் கப்பலேற்றி அங்கே அனுப்பித் தட்டாக்குவார்கள். தமிழ் தெரியாத ஊரில் யார் பாட்டு எது என்று குழம்பாமல் இருக்க, பாட்டு முடிந்ததும் பாடியவரே தம் பெயரைச் சொல்ல வேண்டும். இந்தத் தட்டிலும் கடைசியில் அது இருக்கும்.

புது ஊசி மாட்டிச் சாவி கொடுத்தேன். பெட்டியில் ஒரு பழுதும் இல்லை. மாதாவின் மேல் ஒரு பாட்டு, பெண் குரல், கீறல் சத்தமே இல்லாமல் வந்தது. அவள் தரையில் உட்கார்ந்து குழலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா, ஆரம்பிச்சிச்சா?" என்றார் பெரியப்பா. அவள் தலையசைத்தாள்.

அப்போதுதான் தட்டைச் சரியாகப் பார்த்தேன். நேற்று வாங்கியதுபோல் கறுப்பாக மின்னியது. நடுக்காகிதத்தை ஒட்டிய கடைசி விரற்கடை மட்டும் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்திருந்தது. பாட்டு முடிந்து ஊசி அங்கே ஏறியதும் மணலை அரைப்பதுபோல் ஓர் இரைச்சல். அதற்கடியில் யாரோ எதையோ சொன்னார்கள். என்ன என்று கேட்கவில்லை.

அவள் என்னை முந்திக்கொண்டு புரிந்துகொண்டாள். வெளுத்த வளையத்தின்மேல் விரலை வைத்தாள். "எங்கப்பா இத்த மட்டுந்தான் கேட்டுகினு இருந்தாரா? ஊசிய இங்கதான் வெச்சாரா?"

"ஆமாம்."

"அப்போ எங்கம்மா பேருதான சார்? வேற யாரு பேர இத்தினி வாட்டி கேப்பாரு?"

கண்ணால் படிக்காத, காதால் கேட்காத பெயரை நான் எழுதுவதில்லை. "இருக்கலாம்" என்றேன். சொல்லும்போதே அந்தச் சொல் என் வாயில் கசந்தது. 1914க்கு முன், பெண் குரல், பெயர் தேய்ந்துவிட்டது என்று குறித்துக்கொண்டேன்.

அவள் பெரியப்பாவின் பக்கம் திரும்பினாள். அவள் கேட்பதற்குள் அவரே சொன்னார். "என்ன பாக்காத. அவ கொரல கேட்டவன் நான் ஒர்த்தன்தான் பாக்கி. எனக்குத்தான் காது இல்லியே."

மழை ஓட்டின்மேல் அடித்துக்கொண்டிருந்தது.

"கடைசிய மட்டும் இன்னொரு வாட்டி போடுங்க சார்."

"போடப் போட இன்னும் தேயுமம்மா."

"தேயட்டும்."

ஊசியை வெளுத்த இடத்தில் வைத்தேன். அவள் காதைக் குழலின் வாயில் வைத்துக்கொண்டாள். பெரியப்பா அவள் முகத்தைப் பார்க்க எட்டிக் குனிந்தார்.

"இன்னா, ஆரம்பிச்சிச்சா?"

அவள் திரும்பவில்லை.