பெரியத்தைக்குப் போன பல்

பல்செட்காரர் துப்பாக்கியால் சுட்டுத்தான் பல் பிடுங்குகிறார் என்று தெருவில் பேச்சு. இஸ்திரிக்கடைக்காரர் சொன்னபடி, ஒரே குண்டு, ஒரே பல், ரத்தம் ஒரு சொட்டுகூடக் கிடையாது. மருந்துக்கடைக்கு வந்தபோது அது மூன்று குண்டாகியிருந்தது. முடிவெட்டும் கடையில் இன்னும் ஒரு படி மேலே போய், மயக்க ஊசி தேவையில்லை என்பதால் வெளியூரிலிருந்தெல்லாம் ஆள் வருவதாகச் சொன்னார்கள். சாட்சிக்கும் குறைவில்லை. குடியிருப்போர் சங்கத் தலைவர் அந்த வீட்டிலிருந்து தலைமுதல் கால்வரை வெள்ளை வெளேரென்று, ஒரு கையால் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, திறந்த வாய் மூடாமல் ஓடி வந்ததைப் பட்டப்பகலில் பாதித் தெரு பார்த்திருக்கிறது. அதற்கு அரை நிமிடம் முன்னால் உள்ளே 'டப்' என்று ஒரு சத்தம். இவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகிற செய்தி உண்மையாக இருப்பது அபூர்வம். விசாரித்துவிடுவதுதான் மரியாதை.

விசாரித்ததில் முதலில் தெரிந்தது, பல்செட்காரர் பல் பிடுங்குகிறவரே இல்லை என்பது. டாக்டர்கள் எடுத்தனுப்பும் அச்சுக்குப் பொய்ப்பல் செய்து கொடுப்பவர். பிடுங்க அவருக்கு அதிகாரம் கிடையாது. தைரியம் அதைவிடக் கிடையாது. துப்பாக்கி இருப்பது மட்டும் உண்மை. ஒன்றல்ல, பத்தொன்பது. எல்லாம் பழைய காலத்துக் காற்றுத் துப்பாக்கிகள். ஸ்பிரிங்கை இழுத்து மாட்டி, விசையைத் தட்டினால் காற்று உதைத்து ஈயக் குண்டைத் தள்ளும் சாதி. மிகவும் இளையதற்கே ஐம்பது வயது.

முன்னறையில் பல், பின்னறையில் துப்பாக்கி. நடுவில் கதவு கிடையாது என்பதால் சாமான்கள் இரண்டு பக்கமும் போய்வரும். பல் பார்க்கிற குட்டிக் கண்ணாடியைக் குழலுக்குள் விட்டுத்தான் துரு பார்ப்பார். பொய்ப்பல் மினுக்குகிற பொடியில்தான் பித்தளைத் திருகுகள் பளபளக்கும். போகப்போகப் பேச்சும் இடம் மாறிவிட்டது. துப்பாக்கியை மடக்கும்போது, "எங்க, நல்லா ஆன்னு காட்டுங்க பாப்போம்" என்பார். அச்சோடு வந்த ஒரு பெரியவர் தாடை இறுக்கமாக இருக்கிறது என்று சொன்னதற்கு, "ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டா சரியாயிடும்" என்றார். அந்தப் பெரியவர் அப்புறம் வரவில்லை.

பத்தொன்பதுக்கும் உறவுமுறை உண்டு. மடக்கும்போதெல்லாம் முனகுகிறது மாமனார். ஒரே அச்சில் வார்த்த இரண்டு, ஒன்றையொன்று பார்க்காமல் எதிரெதிர்ச் சுவரில் தொங்குவது சகலைகள். ஒரு தையல் மிஷினைக் கொடுத்து மாற்றாக வாங்கியது சம்பந்தி. அதைக் கழற்றிப் பார்க்கக் கூடாது, அவ்வப்போது துடைத்து நலம் விசாரித்துவிட்டு வைத்துவிட வேண்டும். இதையெல்லாம் அவர் மனைவி, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், விடைத்தாளிலிருந்து தலையெடுக்காமலே விளக்குவார். "எங்க வீட்டு ஆளுங்க ரெண்டு பேரு வந்தா படுக்க இடமில்ல. இவரு சொந்தக்காரங்க மட்டும் வருஷக்கணக்கா சுவத்துல சாஞ்சுக்கிட்டே இருக்காங்க."

இத்தனை வைத்திருக்கிற மனிதர் எதைச் சுட்டார் என்று கேட்டால் சங்கடப்படுவார். சத்தம் அவருக்கு ஆகாது. ரிப்பேர் முடித்துச் சோதனைக்கு ஒரு குண்டு விடுவதென்றால், இரண்டு காதிலும் பஞ்சை அடைத்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு, சோப்புக் கட்டியை நோக்கி விடுவார். சோப்பில் இதுவரை பட்டதில்லை. இலக்கு வைக்காத ஒரே ஒரு முறை பட்டிருக்கிறது. மாமனாரைக் கழற்றும்போது ஸ்பிரிங் கைநழுவிப் பறந்துபோய்ச் சுவர்க் கடிகாரத்தில் பாய்ந்தது. அன்றிலிருந்து அந்த வீட்டில் மணி பதினொன்று இருபது. காக்கைகளுக்கு இவரைப் பற்றி எல்லாம் தெரியும். பின்னறை ஜன்னலில் உட்கார்ந்து, குழல்களுக்கு நேரே மூக்கைத் தீட்டும்.

ஆனால் இரண்டு விஷயங்களில் அவர் விட்டுக்கொடுக்க மாட்டார். ஸ்பிரிங்கை இழுத்து மாட்டியபடி விட்டு வைக்கக் கூடாது. வைத்தால் சோர்ந்து உயிரை விட்டுவிடும். குண்டு போடாமல் வெறுமனே சுடவும் கூடாது. முன்னால் தடுக்க ஒன்றும் இல்லையென்றால் உள்ளே இருக்கும் பிஸ்டன் பாய்ந்து இரும்பில் மோதி, ஸ்பிரிங் இரண்டாகிவிடும். இதை அவர் சொல்லும்போது கை தானாக நெஞ்சுக்குப் போகும்.

அதிலும் பெரியத்தையின் விஷயத்தில் கேட்கவே வேண்டாம். பத்தொன்பதில் மூத்தது, தொண்ணூறு வயது. அடியில் நீளமாக ஒரு லிவர். உள்ளே இருப்பது பிறந்தபோது போட்ட அதே ஸ்பிரிங். அதைப்போல் இன்னொன்று செய்ய ஆளில்லை. அதற்கான தடித்த குண்டும் எங்கேயும் கிடைப்பதில்லை. காலி டப்பாவை மட்டும் பக்கத்தில் வைத்திருக்கிறார். வாரம் ஒருமுறை எண்ணெய், மாதம் ஒருமுறை மரக்கட்டைக்கு மெழுகு. அவரிடம் வந்த பதினான்கு வருடத்தில் பெரியத்தையின் லிவரை யாரும் தொட்டதில்லை.

தொட்டவர் சங்கத் தலைவர்.

ஓய்வுபெறும் வரை லிஃப்ட் இன்ஸ்பெக்டராக இருந்தவர். முப்பது வருடம், எந்த லிவரைக் கண்டாலும் ஒருமுறை முழுசாக இழுத்துப் பார்த்து, "ஓகே" என்று சொல்லித்தான் சம்பளம் வாங்கியிருக்கிறார். ஓய்வு பெற்றது அவருக்குத் தெரியும், கைக்குத் தெரியாது. அந்தச் சனிக்கிழமை காலை, டாக்டரிடம் போனால் காத்திருக்க வேண்டும் என்று நேராக வீட்டுக்கே வந்துவிட்டார்.

"என் மேல்பல்லு என்னாச்சு? கூட்டத்துல நான் பேசுறது பாதிப் பேருக்குப் புரியவே மாட்டேங்குது."

"மீதிப் பேரு?"

"ஒத்துக்கிறாங்க."

பல்செட்காரர் செட்டை எடுத்து வந்து அவர் வாயில் பொருத்தினார். "இது மெழுகுல நிக்கிற பல்லு, தலைவரே. அளவு பாக்கத்தான். கடிக்காதீங்க, பேசாதீங்க, மூடவே மூடாதீங்க. நான் கண்ணாடிய எடுத்துட்டு வந்துடறேன்."

கண்ணாடி பின்னறையில், ஒரு சகலையின் குழலுக்குள் இருந்தது. அவர் அதை உருவிக்கொண்டிருக்க, தலைவர் வாயைத் திறந்தபடி பின்னாலேயே வந்தார். சுவரோரம் பெரியத்தை. அடியில் நீளமாக லிவர். கை போய்விட்டது.

'க்ளக்.'

"ஓ ஏ" என்றார் தலைவர், திறந்த வாயோடு. லிவரைப் பழையபடி ஒழுங்காக மூடியும் வைத்தார். வேலையில் குறை வைத்து அவருக்குப் பழக்கமில்லை.

"ஐயோ, அத்தை!"

முன்னறையிலிருந்து டீச்சர் குரல் வந்தது. "எந்த அத்தைக்கு என்ன?"

"இரும்பத்தை! இழுத்து மாட்டிட்டாரு!"

சிவப்புப் பேனாவும் கையுமாக டீச்சர் வந்து பார்த்தார். "மாட்டினத திருப்பிக் கழட்டுங்களேன்."

"மத்ததுல கையால பிடிச்சுக்கிட்டே விசையத் தட்டி மெல்ல இறக்கிடலாம். இதுல லிவரத் திறந்தா விசை அசையாது, பாதுகாப்பாம். செஞ்ச புண்ணியவான் அப்படி வெச்சுட்டான். சுட்டாத்தான் விடும்."

"அப்ப சுடுங்க."

"குண்டில்ல."

"குண்டில்லாம சுடுங்க."

அத்தையை மாடிப்படியிலிருந்து தள்ளிவிடச் சொன்னதுபோல் பார்த்தார் பல்செட்காரர். "ரெண்டா உடைஞ்சிடும்."

"அப்ப அப்படியே வெச்சிருங்க."

"வெச்சா சோர்ந்து போயிடும். இந்த வயசுல ஒரு மணி நேரம் தாங்கினா பெரிசு." சொல்லும்போதே அவர் ஒரு முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். உள்ளே ஸ்பிரிங் ஒடுங்கியிருந்ததுபோல் அவரும் ஒடுங்கியிருந்தார். கண் கலங்கியிருந்தது. அதைக் கண்ட பிறகு டீச்சர் பேனாவை மூடினார்.

குழலை அடைக்க எதுவெல்லாம் ஆகும் என்று வீட்டைப் புரட்டினார்கள். வெறும் மெழுகு எடை போதவில்லை. டீச்சர் பையிலிருந்த சாக்பீஸ் உள்ளே போகும்போதே பொடியானது. காய்ந்த பட்டாணி பிளந்தது. பேனா மூடி ஒரு மயிரிழை பெரிது. தலைவர் தன் சட்டைப் பொத்தானைப் பிய்த்து உதவியாக நீட்டினார், அது தட்டை. வாயை மட்டும் மூடவில்லை.

"முப்பத்தஞ்சு நிமிஷம் ஆச்சு" என்றார் டீச்சர், தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து. பிறகு எரிச்சலில், "டப்பா டப்பாவா பல்லு வெச்சிருக்கீங்களே, அதுல ஒண்ணப் போட்டுச் சுடுங்க!" என்றார்.

கிண்டலாகத்தான் சொன்னார். பல்செட்காரர் எழுந்து நின்றார். பல் பிளாஸ்டிக். இரும்புக் குழலைக் கீறாது. எடையும் இருக்கிறது. கொஞ்சம் அராவி, சுற்றி மெழுகு தடவினால் காற்று கசியாது. இழுப்பறைகளைக் கவிழ்த்து ஒவ்வொன்றாக அளந்தார். எல்லாம் முன்பல்லும் சின்னப் பல்லும். குழலை நிறைக்கிற பெரிய கடைவாய்ப் பல் கையிருப்பில் இல்லை. கடைசியாக இருந்த செட்டை, தாடை பெரியது என்பதற்காக ஒருவருக்கு எடுத்துப் பதித்தாகிவிட்டது.

அவர் மெல்லத் திரும்பினார். டீச்சரும் திரும்பினார். இருவரும் தலைவரின் திறந்த வாயைப் பார்த்தார்கள்.

"ஆ?" என்றார் தலைவர். ஆபத்து புரிந்து, செட்டைத் தானே கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். "என் பல்லையா?"

"ஒண்ணே ஒண்ணு, தலைவரே. ஆர்டர் போட்டிருக்கேன், நாலு நாள்ல வேற வந்துடும். உங்க பல்லுக்கு நான் பொறுப்பு."

"நான் என்னத்துக்குய்யா குடுக்கணும்?"

"இழுத்தது யாரு?" என்றார் டீச்சர்.

"டெஸ்ட் பண்ணிப் பாத்தேம்மா."

"அப்ப பாதி டெஸ்ட்டோட விடக் கூடாது. முழுசாப் பண்ணிடுவோம்."

தொழில்ரீதியான இந்த வாதத்தைக் கேட்டதும் தலைவர் செட்டை நீட்டினார். சூடான கத்தியால் மெழுகை நெகிழ்த்தி, வலப்பக்கக் கடைவாய்ப் பல்லைப் பல்செட்காரர் நோகாமல் எடுத்தார். நான்கு பக்கமும் அராவினார். அச்சு வார்க்கும் வெள்ளை மாவு நாற்பது கிலோ மூட்டை மூலையில் நின்றது. அதன் வாயைப் பிரித்து, பெரியத்தையின் குழலை உள்ளே நுழைத்தார்கள். காதில் பஞ்சு. கண் மூடியாயிற்று. டீச்சர் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். தலைவரைத் தள்ளி நிற்கச் சொன்னதற்கு அவர் ஒப்புக்கொள்ளவில்லை. "என் பல்லு. எங்க போகுதுன்னு நான் பாக்கணும்" என்று பக்கவாட்டில் நின்று மூட்டைக்கு மேலே குனிந்தார்.

'டப்.'

வெள்ளைப் புகை கூரை வரைக்கும் போய் இறங்கியது. அதற்குள்ளிருந்து தலைவர் வெளிப்பட்டார், ஆச்சரியத்தில் திறந்த வாய் நிறைய மாவோடு.

"மூடாதீங்க! எச்சில் பட்டா கல்லா இறுகிடும்!" என்று டீச்சர் கத்தினார். "குழாய்கிட்ட போகாதீங்க, தண்ணி பட்டா இன்னும் மோசம்!"

மூடவும் கூடாது, கழுவவும் கூடாது என்றால் மனிதன் என்ன செய்வான்? கன்னத்தைப் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கி ஓடினார். மற்றது தெரு அறிந்தது. துப்பாக்கி உண்மை, பல் உண்மை, தலைவர் உண்மை. பல் போன திசையில் மட்டும்தான் தெருக்காரர்களுக்குப் பிழை.

பல்செட்காரர் அவர் ஓடியதைப் பார்க்கவில்லை. பெரியத்தையை மடியில் போட்டு, குழலில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். பஞ்சை எடுக்க மறந்ததால் ஒன்றும் கேட்கவில்லை. டீச்சர் எடுத்துவிட்டார். பல்செட்காரர் லிவரை ஒரு விரற்கடை மட்டும் இழுத்து விட்டார். ஸ்பிரிங் முறைப்பாக விரலைத் திருப்பித் தள்ளியது. "இருக்காங்க" என்றார். டீச்சர் அவருக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து, சிந்தாமல் குடிக்கச் சொன்னார். தரையெல்லாம் மாவு.

நாலு நாளில் பல் வரவில்லை, கடிதம் வந்தது. அந்த அளவையும் நிறத்தையும் கம்பெனி நிறுத்திவிட்டதாம். வேறு நிறம் என்றால் தலைவருக்குச் சம்மதமில்லை. "செட்டு இப்படியே இருக்கட்டும். என் பல்லு எனக்கு வரணும்" என்று, வலது ஓரத்தில் ஒரு இடம் காலியாகவே செட்டைப் போட்டுக்கொண்டார். கூட்டத்தில் இப்போது அவர் பேசுவது எல்லோருக்கும் புரிகிறது. எதிர்க்கிறார்கள். அந்த ஒரு பல் இல்லாததுதான் காரணம் என்று அவர் உறுதியாக நம்புகிறார்.

பல் மூட்டைக்குள் எங்கோ இருக்கிறது. மொத்தமாகக் கொட்டிச் சலித்தால் மாவு ஈரக் காற்று குடித்துக் கெட்டுப்போகும் என்பதால், அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் அள்ளி, டீ வடிகட்டியில் சலித்துப் பார்க்கிறார் பல்செட்காரர். இந்த வேகத்தில் அடி தட்ட ஐந்து மாதம் ஆகும் என்பது டீச்சர் கணக்கு. நான்கு பக்கமும் அராவிய பல், கிடைத்தாலும் அந்த இடத்தில் நிற்காது. இது பல்செட்காரருக்குத் தெரியும், டீச்சருக்கும் தெரியும். தலைவரிடம் சொல்லும் பொறுப்பு யாருடையது என்பதில் இருவருக்கும் இன்னும் உடன்பாடு ஏற்படவில்லை.

காலை ஒன்பது மணிக்குத் தலைவர் அந்த வழியாக நடந்து போவார். ஜன்னலுக்கு நேரே நின்று, ஒரு விரலால் வலது கன்னத்தை இரண்டு தரம் தட்டுவார். உள்ளே பல்செட்காரர் வேலையை நிறுத்தி, எழுந்து வந்து, வடிகட்டியைக் கம்பிக்கு வெளியே நீட்டிக் கவிழ்த்துக் காட்டுவார்.