பன்றி ரூபாயில் ஓர் ஓட்டை

காசு சேர்க்கும் பைத்தியம் பிடித்தவனுக்கு ஓட்டை என்றால் எமன். தேய்ந்த காசுக்கு விலை கொஞ்சம் குறையும். புளி போட்டுத் தேய்த்த காசுக்கு இன்னும் குறையும். ஓட்டை போட்ட காசு என்றால் பேச்சே கிடையாது, வெள்ளி விலைதான். 1973இல் சின்ன காஞ்சிபுரத்தில் தபால் குமாஸ்தாவாக இருந்த எனக்கு இதெல்லாம் மனப்பாடம். அந்தத் திமிரில்தான் கமலவேணி அம்மாளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அவர் பிள்ளையார்பாளையத்தில் நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர். கணவர் பெங்களூருக்கு ஆலை வேலைக்குப் போனவர் போனவர்தான். கமலவேணி அம்மாள் வீடு வீடாகப் போய்க் கிழிந்த பட்டுப் புடவைகளை வாங்குவார். சரிகையை எரித்து, மூசை என்கிற மண்கிண்ணத்தில் உருக்கி, வெள்ளியாக விற்பார். உருக்கிய பிறகுதான் புடவைக்குப் பணம். எவ்வளவு வெள்ளி தேறியது என்று அவர் வாயால் சொல்வதுதான் கணக்கு. அவர் சொல்லை நம்பினால்தான் புடவை கைக்கு வரும், அடுப்பு எரியும்.

புடவையோடு சில நேரம் காசும் வரும். அறுந்த காசுமாலையில் இருந்தது, குழந்தையின் அரைஞாணில் கோத்தது என்று எல்லாமே ஓட்டைக் காசுகள். அவற்றைப் பழைய நாணயம் விற்கும் கண்ணாயிரத்தின் கடையில் கொடுப்பார். ஆரம்பத்தில் சாம்பலும் புளியும் போட்டுப் பளபளவென்று தேய்த்துக்கொண்டு போவாராம்.

"அந்தக் கருப்புதாம்மா துட்டு! அதைப் போயி தேச்சிட்டியே," என்று கண்ணாயிரம் தலையில் அடித்துக்கொள்வான்.

"அழுக்குக்கு வெலை வெக்கிற ஊரை இங்கதான்பா பாக்கறேன்," என்று இவர் திருப்பிக் கொடுப்பார்.

பன்றி ரூபாய் என்று ஒன்று உண்டு. ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தலை போட்டு 1911இல் வந்த வெள்ளி ரூபாய் அது. மன்னரின் அங்கியில் ஒரு சின்ன யானை. துதிக்கை குட்டையாக விழுந்துவிட்டதால் அது பன்றி மாதிரித் தெரிந்தது. பன்றி போட்ட காசைத் தொட மாட்டோம் என்று ஜனங்கள் கொதித்தார்கள். அரசாங்கம் வெளியே விடாத மிச்சத்தையும், வெளியே போனதில் கைக்குத் திரும்பி வந்ததையும் உருக்கிவிட்டது. அதனால் என் போன்ற பைத்தியங்களுக்கு அதன் மேல் தீராத ஆசை.

கண்ணாயிரத்தின் கண்ணாடிப் பெட்டியில் அதைப் பார்த்ததும் விலை கேட்டேன். நூற்று அறுபது ரூபாய் என்றான். என் பாதிச் சம்பளம்.

"சுண்டிப் பார்க்கட்டுமா?" என்று கேட்டேன்.

"ஐயோ சார்! விளிம்பு அடிபட்டா விலை போச்சு. விரலே படக் கூடாது," என்றான்.

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. வாங்கிக் காகித உறையில் போட்டுப் பெட்டியில் வைத்தேன். என் மனைவி ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

மழைக்காலம் முடிந்து எடுத்துப் பார்த்தபோது காசு முழுக்கக் கருத்திருந்தது. மன்னரின் கிரீடத்துக்கு மேலே ஓர் இடம் மட்டும், துவரம்பருப்பு அளவுக்கு, வெளுப்பாக இருந்தது. ஓட்டையை அடைத்திருக்கிறார்கள். கண்ணாயிரத்திடம் ஓடினேன். அவன் கொஞ்சமும் அசரவில்லை.

"இது சரிகை வெள்ளி சார், கலப்பில்லாதது, சீக்கிரம் கருக்காது. கமலவேணி குடுத்த காசு. ஓட்டைய அடைச்சி என் தலையிலயே கட்டிட்டுப் போயிருக்குது பாருங்க!"

நேரே பிள்ளையார்பாளையம் போனேன். அவர் வீட்டு வாசலில் நின்று, தெருவே வேடிக்கை பார்க்க, திருடி என்று கத்தினேன். கமலவேணி அம்மாள் வெளியே வந்து காசை வாங்கிப் பார்த்தார்.

"நான் குடுத்த காசுதான். ஓட்டையோட குடுத்தேன், எட்டு ரூபா வாங்கினேன். அடைக்கிறவளா இருந்தா எட்டு ரூபாய்க்கா குடுத்திருப்பேன்?"

எவ்வளவு எளிய கேள்வி! கோபத்தில் என் காது அடைத்திருந்தது. இன்னும் இரண்டு முறை திருடி என்று சொல்லிவிட்டுத்தான் திரும்பினேன்.

அந்த வாரமே அவருக்குக் கதவுகள் மூடிக்கொண்டன. காசை அடைத்தவள் எடையில் அடிக்க மாட்டாளா என்று பேசினார்கள். எதிர் வீட்டுச் செல்லியம்மாள், எரிக்கக் கொடுத்த புடவையைத் திருப்பி வாங்கிக்கொண்டாள். பத்து நாள் ஒரு புடவைகூடக் கிடைக்கவில்லை.

பதினோராம் நாள் அவர் தபால் ஆபீசுக்கு வந்தார். வரிசையில் நின்று, முறை வந்ததும் என் எதிரே நிமிர்ந்தார்.

"சாயங்காலம் கண்ணாயிரம் கடைக்கு வா சார்."

"எதுக்கு?"

"திருடின்னு சொன்னியே, அது நெஜமான்னு பாக்கணும். எனக்கு பயம் இல்ல. உனக்கு இருக்குதா?"

எனக்குப் பின்னால் இருந்த போஸ்ட்மாஸ்டர் எழுதுவதை நிறுத்திவிட்டார். எனக்கு முகம் சிவந்தது. போகாமல் இருக்க முடியுமா?

கடையில் நாலைந்து பேர் இருந்தார்கள். கமலவேணி அம்மாள் யாரையும் கேட்காமல் கண்ணாடிப் பெட்டியைத் திறந்தார். கண்ணாயிரம் பதறினான்.

"தொடாத! அடிபட்டுப் போவும்!"

"அடிபட்டா என் கழுத்தை அறு," என்று சொல்லி, முதல் ரூபாயைக் கட்டை விரலால் சுண்டினார். கணீரென்றது. அடுத்ததும் கணீர். மூன்றாவது டொக்கென்று விழுந்தது. நல்ல வெள்ளி ரூபாய் பாடும், அடைத்தது பாடாது. சந்தைக்குப் போகிற எவரும் செய்கிற சோதனை, கண்ணாயிரம் பேச்சைக் கேட்டு நான் செய்யாமல் விட்டது. பாடாத காசுகளை அவர் ஒதுக்கி வைத்துக்கொண்டே வந்தார். ஆறு சேர்ந்தன.

"ஆறும் நீ குடுத்ததுதான்!" என்று கண்ணாயிரம் கத்தினான்.

"ஆறுமா? நல்லா பாத்து சொல்லு."

"ஆறும்தான்! காமாட்சி மேல சத்தியம்!"

"சார், நீயே எடுத்துப் பாரு," என்று ஆறையும் என் பக்கம் தள்ளினார்.

நான் ஒவ்வொன்றாகச் சுண்டினேன். ஐந்தாவது காசில் மன்னரின் மூக்கில் ஒரு வெட்டு இருந்தது. அந்த வெட்டு நான் போட்டது. வெள்ளிதானா என்று பார்க்கப் பாக்குவெட்டியால் கீறியது. என் பெண்ணின் அரைஞாணில் இருந்த ரூபாய். ஓட்டைக் காசு என்பதால் போன வருஷம் இதே கடையில் எட்டு ரூபாய்க்குக் கொடுத்துவிட்டுப் போனவன் நான்தான். இப்போது அதில் ஓட்டையைக் காணோம். தொண்ணூறு ரூபாய் என்று சீட்டு ஒட்டியிருந்தது.

"இது என் காசு. ஓட்டையோடு உன்னிடம் கொடுத்தவன் நான்," என்றேன்.

கண்ணாயிரம் கல்லாவைத் திறந்து நூற்று அறுபது ரூபாயை எடுத்து வைத்தான். நான் கையோடு கொண்டுவந்திருந்த பன்றி ரூபாயைத் திருப்பி வைத்தேன். கமலவேணி அம்மாள் முந்தானை முடிச்சை அவிழ்த்து எட்டு ரூபாயை அவன் முன்னால் போட்டு, பன்றி ரூபாயை எடுத்துக்கொண்டார்.

"அடைச்சதைக் குத்தி எடுத்துட்டு நான் கழுத்துல போட்டுக்கப் போறேன். செலவுக்குப் போனதையெல்லாம் உருக்கிட்டானுங்க. கழுத்துல தொங்கினதாலதான் இது தப்பிச்சுது. ஓட்டை இதைக் காப்பாத்தியிருக்குது, நீங்க மவுசு கம்மின்னு சொல்லிக்கினு கெடங்க!"

நான் அவர் அருகில் போய், "மன்னிச்சிடுங்கம்மா," என்று மெதுவாகச் சொன்னேன்.

"இங்கயா என்னைத் திருடின்னு சொன்ன? எங்க சொன்னியோ அங்க வந்து சொல்லு. எத்தினி சத்தமா சொன்னியோ அத்தினி சத்தமா சொல்லு."

மறுநாள் காலை அவர் தெருவில் போய் நின்றேன். அவர் வீட்டுக் கதவு திறந்திருந்தது, ஆள் வெளியே வரவில்லை. இருபுறமும் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. தபால் ஆபீசில் பேசுகிற குரலில், "கமலவேணி அம்மாள் திருடி இல்லை," என்றேன்.

உள்ளேயிருந்து பதில் வந்தது. "கேக்கல சார். தறி சத்தம்."

இன்னும் உரக்கச் சொன்னேன்.

"செல்லியம்மா வூட்டுக்குக் கேக்கல."

அவமானம் பிடுங்கித் தின்றது. ஓடிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. பத்து நாள் அவர் இந்தத் தெருவில் எப்படி நடந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு தொண்டை கிழியக் கத்தினேன்.

"கமலவேணி அம்மாள் திருடி இல்லை! திருடன் கண்ணாயிரம்! அவன் பேச்சைக் கேட்ட மடையன் நான்!"

தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. வீட்டுக்கு வீடு தலைகள் எட்டிப் பார்த்தன. கமலவேணி அம்மாள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

"இப்ப கேட்டுது. போ சார்."